கலயத்தின் அளவு

பயணம் செல்வோர் திருத்தலங்களைக் காண்பர், அருவிகளைக் காண்பர், அங்காடிகளில் துணியும் பாத்திரமும் வாங்கித் திரும்புவர். ஓர் ஊர் எதை உண்கிறது என்று கேட்போரும் உண்டு. எதைக் குடிக்கிறது, எப்படிக் குடிக்கிறது என்று கேட்டுக்கொண்டு செல்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் நாமும் அடங்குவோம். பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்த நமக்கு நொதித்தல் என்னும் பாடம் என்றும் உவப்பானது. சர்க்கரை சாராயமாக மாறுவதைக் கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிக் காட்டிவிடலாம். அதே மாற்றம் ஒரு மலைக்குடியின் அடுப்படியிலும், ஒரு துறவு மடத்தின் நிலவறையிலும், பெருநகரத்தின் எஃகுக் கலங்களிலும் நிகழ்கிறபோது, அதைச் சுற்றி மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் கரும்பலகை சொல்லாது. பணி ஓய்வுக்குப் பின் நம்மை ஊர் ஊராக இழுத்துச் சென்றது இந்த ஆவலே.

தருமபுரி மாவட்டத்தவர், அதுவும் கத்தோலிக்கர், மறைமாவட்ட இதழில் பீரைப் பற்றியும் கள்ளைப் பற்றியும் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் வாசகர் இருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். குடியோடு நம் மண்ணுக்குள்ள உறவு மிகப் பழையது. அதன் காயமும் மிகப் புதியது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆம் பாட்டாக உள்ளது. அதில் அவர் முதலில் நினைவுகூர்வது அவனுடைய வாள்வீரத்தை அன்று, கள்ளை. கள் சிறிதளவே கிடைத்தால் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்றும் அவர் கூறுகிறார். 232ஆம் பாட்டில் அவனுக்கு நட்ட நடுகல்லின் முன் சிறு கலத்தில் கள் படைக்கப்படுகிறது. மலையுடைய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கலத்தைக் கொள்வானோ என்று ஔவையார் கலங்குகிறார். நம் மாவட்டத்து வயல்களில் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் அந்தச் சிறு கலம் நம் நினைவுக்கு வரும். அங்கே கள் பெருமை பெறுவது போதையால் அன்று, பங்கிடப்பட்டதால்.

பனையும் தென்னையும் தரும் கள் ஒருபுறமிருக்க, தானியத்திலிருந்து மது சமைக்கும் கலையும் தமிழர் அறிந்ததே. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் அதைச் செய்முறையாகவே தருகிறார்: அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற வாயுடைய கலத்தில் ஆறவிட்டு, முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. வேதியியல் ஆசிரியரின் கண்ணுக்கு இது பீரின் உடன்பிறப்பு. பார்லியின் இடத்தில் நெல் இருக்கிறது, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ இல்லை, அவ்வளவே வேறுபாடு.

நம் முதற்பயணம் நெடுந்தொலைவு அன்று. தருமபுரியில் வண்டியேறினால் பெங்களூர் சில மணி நேரமே. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கொத்துவேலைக்கும் கணிப்பொறி வேலைக்கும் சென்றிருக்கிறார்கள். ஆங்கிலேயப் படைவீரரின் தாகத்துக்காகத் தென்னாட்டில் தோன்றிய ஐந்து சிறு பீர் ஆலைகளை 1915ஆம் ஆண்டில் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றிணைத்தார். யுனைடெட் புரூவரீஸ் நிறுவனம் அவ்வாறு பிறந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அந்நகரில் வேறொரு வகையும் பெருகியது: உணவுவிடுதிக்குள்ளேயே கலங்களை நிறுத்தி, அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றித் தரும் சிற்றாலைகள். அத்தகைய ஒன்றுக்கு நம் உறவினர் மகன் ஒருவன் அழைத்துச் சென்றான்.

அங்கே பணிபுரிந்த இளைஞர் ஒருவர் நம் கையில் ஒரு பிடி பார்லி முளைதானியத்தைக் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னார். மென்றோம். இனித்தது. அது புதிய சுவையன்று. நம் வீட்டுத் திண்ணையில் உலரும் முளைகட்டிய கேழ்வரகின் சுவை. ஒரே அறிவியல்தான். தானியத்தை ஓரிரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி முளைக்க விட்டால், வித்து தன் குருத்துக்கு உணவூட்ட மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியைச் சுரக்கிறது. அந்த நேரம் பார்த்து அதை உலர்த்திவிட்டால் இனிமை உள்ளேயே நின்றுவிடும். நம் தாய்மார் அதைத் திரித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஆலைக்காரர் அதை வெந்நீரில் கரைத்து, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் இடுவார். ஒரே முளை, ஒரு கிளை தொட்டிலுக்குப் போகிறது, மறு கிளை குடிகலத்துக்குப் போகிறது.

கேழ்வரகு நம் மாவட்டத்தின் உயிர். களியில்லாத நாளை முந்தைய தலைமுறையினர் நாளென்று எண்ணியதில்லை. அந்தக் கேழ்வரகின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் என்பர் தாவரவியலார். உகாண்டாவின் தேசோ மக்கள் இன்றும் அதிலிருந்து பீர் சமைத்து, ஒரே பானையைச் சுற்றியமர்ந்து, நீண்ட குழல்களால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். இமயத்தின் அடிவாரத்திலும் இதே தானியம் இதே பணியைச் செய்கிறது என்று அறிந்தபோது டார்ஜிலிங் மலைக்குப் புறப்பட்டோம்.

அங்கே அதற்குத் தோங்பா என்று பெயர். கேழ்வரகை முழுதாக வேகவைத்து, ஆற்றி, மூலிகை மாவில் பிடித்த நொதிக்கட்டியைப் பொடித்துத் தூவி, இலை பரப்பிய கூடையில் மூடிவைக்கிறார்கள். விளைந்த தானியத்தைக் கலத்தில் இட்டு வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் காத்திருந்து, அடியில் நுண்துளையிட்ட மூங்கிற்குழலால் மெல்ல உறிஞ்சுகிறார்கள். நீர் தீர்ந்தால் மீண்டும் வெந்நீர். மூன்றாம் நான்காம் முறைக்குள் சாரம் போய்விடுகிறது. குடியும் தானாக நின்றுவிடுகிறது. நம்மை வரவேற்ற வீட்டு மூதாட்டி, நாம் தமிழ்நாட்டிலிருந்து வருவதையும் எங்கள் ஊரில் இதே தானியம் விளைவதையும் கேட்டு மகிழ்ந்து, நீங்கள் இதை என்ன செய்வீர்கள் என்று வினவினார். களி கிண்டுவோம், கூழ் காய்ச்சுவோம் என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, பசிக்கு நீங்கள் வைத்துக்கொண்டீர்கள், குளிருக்கு நாங்கள் வைத்துக்கொண்டோம் என்றார். அந்த வீட்டில் எவரும் தனியே குடிக்கவில்லை. எவரும் விரைந்து குடிக்கவும் இயலாது. குழல் இடம் தராது.

மறுமுறை ஜார்க்கண்டின் ராஞ்சிக்குச் சென்றோம். முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்களின் அரிசிப் பீருக்கு ஹண்டியா என்று பெயர். வேரும் பட்டையும் சேர்த்து உருட்டிய நொதிக்கட்டியைச் சோற்றில் கலந்து சில நாள் விளையவிடுவர். சர்ஹுல், கரம் முதலிய விழாக்களில் அது முன்னோருக்குப் படைக்கப்படும், பின்னரே மனிதருக்கு. அம்மக்களிடையே 1885இல் வந்து, நிலத்துக்கான வழக்குகளில் அவர்கள் பக்கம் நின்றவர் பெல்ஜிய இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ்.

ஆனால் ராஞ்சியில் நாம் கண்டது விழாவை மட்டுமன்று. சாலையோரங்களில் அலுமினியப் பானையுடன் பெண்கள் வரிசையாக அமர்ந்து, இலைத் தொன்னையிலும் கிண்ணத்திலும் ஹண்டியா விற்றனர். காலை பத்து மணிக்கே வாங்கிக் குடிக்க ஆண்கள் நின்றனர். விற்ற தாய் ஒருவரிடம் பேசினோம். இந்தக் காசில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடக்கிறது என்றார். முதற்கிண்ணத்தைக் காசில்லாமல் குடித்துவிட்டுப் போவது தம் கணவரே என்றும் சேர்த்துச் சொன்னார். இப்பெண்களை வேறு தொழிலுக்கு மாற்ற 2020ஆம் ஆண்டில் அம்மாநில அரசு ‘பூலோ ஜானோ ஆசீர்வாத்’ என்னும் திட்டத்தையே தொடங்க வேண்டியதாயிற்று. பானை அதுவே, அரிசியும் அதுவே. பலிமேடையருகே இருந்த பானை சாலையோரத்துக்கு வந்தபோது அதன் அளவு மட்டும் தொலைந்துபோயிற்று.

லீவன்ஸ் அடிகளார் பிறந்த மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாநிலத்தில்தான் வெஸ்ட்ஃபிளெட்டரன் என்னும் டிராப்பிஸ்ட் துறவு மடம் இருக்கிறது. அங்கு நாம் சென்றதில்லை, படித்தறிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே துறவிகள் பீர் காய்ச்சுகிறார்கள். உலகெங்கும் அதற்குப் பெருந்தேவை இருந்தும், மடத்தின் வாழ்வுக்கு வேண்டிய அளவுக்கு மேல் அவர்கள் காய்ச்சுவதில்லை. டிராப்பிஸ்ட் முத்திரை பெற வேண்டுமாயின், மடத்தின் எல்லைக்குள், துறவிகளின் மேற்பார்வையில் செய்யப்பட வேண்டும். வருவாய் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். இந்த ஒழுங்குக்கு வேர் புனித ஆசீர்வாதப்பரின் சட்டநூல். அதன் 40ஆம் இயல் குடியின் அளவைப் பற்றியது. துறவிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் திராட்சை இரசம் போதும் என்று அவர் வகுக்கிறார். அறவே விலக்கும் வரம் பெற்றோர் அதற்கான கைம்மாறு பெறுவர் என்கிறார். எல்லாரையும் அவ்வழிக்கு இணங்கவைக்க இயலாதாயினும், நிறைய நிறையக் குடிப்பதையேனும் தவிர்ப்போம் என்கிறார். ஹாப்ஸ் பூ பானத்தைக் கெடாமல் காக்கும் என்று எழுதிய பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி புனித ஹில்டகார்டும், அது மனத்தில் சோர்வை மிகுவிக்கும் என்று அதே இடத்தில் எச்சரித்தார். பீரை ஆசீர்வதிக்கும் மன்றாட்டும் திருச்சபையின் பழைய சடங்கு நூலில் உண்டு. கானாவூரின் ஆறு கற்சாடிகளை எவரும் மறக்கவில்லை. நம் மரபு மதுவைப் பேயென்று துரத்தவுமில்லை. அதன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கவுமில்லை.

இவற்றையெல்லாம் ஒரு மாலை அன்பியக் கூட்டம் முடிந்தபின் சிலரிடம் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். தோங்பாக் குழலைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நூறு நாள் வேலைக்கும் பிறர் தோட்டத்து வேலைக்கும் சென்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். எல்லாரும் எழுந்தபின் அருகில் வந்து கேட்டார்:

“வாத்தியாரய்யா, நீங்க ஊரூராப் போயி எத்தனையோ குடியைப் பாத்துட்டு வந்திருக்கீங்க. எங்க வீட்டுக் குடி மாதிரி எங்கயாச்சும் பாத்தீங்களா?”

அக்கேள்வியில் ஏளனம் இல்லை. அறிய வேண்டும் என்ற ஏக்கமே இருந்தது. அவருடைய கணவர் மாலை ஆறு மணிக்குக் கடைக்குச் செல்வார். கால் புட்டியை வாங்கி, கடையோரத்திலேயே நின்று, தண்ணீர்ப் பொட்டலத்தைக் கலந்து, சில நிமிடங்களில் விழுங்குவார். பிறகு இன்னொன்று. பிள்ளைகளின் பள்ளிப் பை அடகுக்குப் போகாததொன்றே குறை. அப்பெண்ணின் கேள்விக்கு உண்மையாக விடை கூற வேண்டுமாயின், நம் பயணங்களை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 650 மில்லி லிட்டர் பீர்ப் புட்டியில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் என்று கொண்டால் உள்ளே செல்வது ஏறத்தாழ 32 மில்லி. 180 மில்லி பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு, எனவே 77 மில்லி. இரண்டு பீர்ப் புட்டிகளுக்கும் மேலான சாராயம் ஒரு கைக்குள் அடங்கும் புட்டியில் இருக்கிறது. மலைவீட்டில் ஒரு மாலை முழுதும் உறிஞ்சினாலும் இறங்காதது இங்கே சில நிமிடங்களில் இறங்குகிறது. நாம் கண்ட குடிகளில் பருவம் இருந்தது, உடனிருப்போர் இருந்தனர், கலமே ஒரு வரம்பாக இருந்தது. இங்கே பருவமில்லை, ஒவ்வொரு நாளும் அதுவே. உடனிருப்போர் இல்லை, நின்றபடி தனியே. கலமும் இல்லை, பிளாஸ்டிக் குவளை மட்டுமே. இதைக் குடிக்கும் பண்பாடு என்று சொல்வது பண்பாடு என்னும் சொல்லுக்கே இழுக்கு.

ஆகவே பழங்கள்ளை மீட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிடலாமா? வரலாறு அவ்வளவு எளிதாக விடவில்லை. இந்திய விடுதலைக்கு முன்பே மாவட்டம் முழுமைக்கும் மதுவிலக்கைச் சட்டமாகக் கண்ட மண் நம்முடையது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர் இராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் அமைத்து, ‘விமோசனம்’ என்ற இதழை நடத்திக் குடியின் கேட்டை ஊர்தோறும் எடுத்துரைத்தார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1965இல் தனி மாவட்டமாகும் வரை தருமபுரி அந்தச் சேலத்தின் பகுதியே. அன்று மூடப்பட்டவற்றுள் நம் ஊர்களின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் அடங்கும். அந்நாளில் இருந்தது பிராந்தியன்று, கள்ளும் சாராயமுமே. அப்போதும் வீடுகள் அழுதன. அழுத வீடுகள் இல்லாதிருந்தால் அந்தச் சட்டத்துக்கே தேவை இருந்திராது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவின் காசில்லாமல் அரசு நடத்த வேறு வழி தேடலாம் என்று அன்று ஓர் அரசு செய்துகாட்டியது.

பின்வந்த கதையை வாசகர் அறிவர். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அது தளர்த்தப்பட்டது. மீண்டும் அடைப்பு, மீண்டும் திறப்பு. 1987இன் தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில். சட்டம் மட்டும் காக்கும் என்று நம்புவோருக்கு 2024 சூன் மாதத்துக் கள்ளக்குறிச்சி மறுமொழி கூறும். மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தால் அங்கே 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும் என்று நாம் பாடம் நடத்தியிருக்கிறோம். அதைச் செய்தித்தாளில் இறந்தோர் எண்ணிக்கையாகப் படிப்பது வேறு.

இன்னும் ஒன்று. சிறிதளவு மது நலம் தரும் என்று மருத்துவர் சிலர் கூறிவந்த காலமும் கடந்துவிட்டது. முற்றிலும் தீங்கற்ற அளவு என்று எதையும் சொல்ல இயலாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. குடிநோயால் பீடிக்கப்பட்டவருக்கோ அளவு என்ற சொல்லுக்கே பொருளில்லை. முதற்கிண்ணமே அவருக்கு மிகுதி. ஆசீர்வாதப்பரின் கால் லிட்டர் அவருக்குப் பொருந்தாது; அவர் சொன்ன மற்றொன்று, அறவே விலக்கும் வரம், அதுதான் அவருக்கு மருந்து.

அப்பெண்ணிடம் பின்னர் ஒருநாள் இதைத்தான் சொன்னோம். “இல்லையம்மா, உங்கள் வீட்டுக் குடியைப் போல நாங்கள் போன வீடு எதிலும் பார்க்கவில்லை. ராஞ்சிச் சாலையோரத்தில் மட்டும் அதன் நிழலைப் பார்த்தோம். உங்கள் வீட்டில் இருப்பது குடியன்று, நோய். நோய்க்கு வெட்கப்பட வேண்டாம்.” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நோய்னா மருந்து இருக்கணுமே அய்யா?” என்றார்.

மருந்து உண்டு, ஆனால் புட்டியில் இல்லை. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரு குடிநோயாளர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடிநோயாளரை மருத்துவமனைகள் சேர்க்க மறுத்த அக்காலத்தில், அதே நகரின் புனித தோமா மருத்துவமனையில் 1939இல் அவர்களுக்குக் கட்டில் கொடுத்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோயை நோயென்றே தமிழகத்துக்குக் கற்பித்தது. நம் பகுதியிலும் அத்தகைய குழு ஒன்று ஞாயிறுதோறும் கூடுகிறது. அப்பெண்ணின் கணவர் முதல் இரு அழைப்புகளை மறுத்தார்; மூன்றாம் முறை, குடித்து மீண்ட ஒருவரே நேரில் வந்து அழைத்தபோது உடன் சென்றார். இதை எழுதும்போது ஐந்து மாதங்கள் ஆகின்றன. இடையில் ஒருமுறை தவறினார்; மறுவாரம் திரும்பி வந்தார். இனி என்னவாகும் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் நாளைக் கேட்பதில்லை. இன்றையப் பொழுதை மட்டுமே கேட்கிறார்கள்.

நம்மிடம் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நம் இல்லத்து நிச்சய விழாவில் விருந்தினருக்குப் பீர் வைக்க வேண்டுமென்று உறவினர் சிலர் வற்புறுத்தினர். பீரின் வரலாற்றை இவ்வளவு பேசுகிறவர் வீட்டிலா மறுப்பு என்று கேலியும் செய்தனர். பதநீரும் கேழ்வரகுக் கூழும் வைத்தோம். நம் உணவு பிறருக்கு இடறலாகுமாயின் அதை விட்டுவிடலாம் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதியதை நாம் அறிவோம். அவ்விருந்தில் அந்த மனிதரும் குடும்பத்தோடு அமர்ந்திருந்தார். அவர் அமரக்கூடிய பந்தியாக அது இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

மலைமூதாட்டியின் மூங்கிற்குழலையும், வெஸ்ட்ஃபிளெட்டரன் துறவிகளின் ஒழுங்கையும் நாம் இன்னும் மதிக்கிறோம். இனியும் பயணம் செல்வோம். அசாமின் திமாசா மக்களுடைய ஜூதிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்ததிலிருந்து அங்கும் செல்லும் ஆவல் உண்டு. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அதன் பானம் எப்படி விளைகிறது என்பதோடு, அதை விடமுடியாமல் தவிப்பவனை அவ்வூர் எங்கே அமர்த்துகிறது என்றும் கேட்போம்.

தகடூர்த் தலைவன் சிறிதளவே இருந்தபோது தனக்கென வைத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் ஔவை மறக்காமல் பாடினார். நம் பங்குகளில் இன்று பங்கிட வேண்டியது கள்ளன்று. மாலை ஆறு மணிக்கு ஒரு மனிதரின் கால்கள் கடையை நோக்கித் திரும்பும் அந்த ஒரு மணி நேரம். அந்நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து பேச நம் அன்பியங்களில் எத்தனை பேர் இருக்கிறோம்? வாசகர் தத்தம் தெருவை எண்ணிப் பார்க்கட்டும்.